மலையகத்தின் தெரியாத ஊர்களுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: பருவம், சீட்டு, பஸ், சாப்பாடு, செலவு

இலங்கையின் மலையகம் என்றதும் பலரும் நுவரெலியா, எல்ல என்று இரண்டு ஊர்களுக்குள் நின்றுவிடுகிறார்கள். அந்த இரண்டுக்கும் நடுவிலும் பக்கத்திலும் பஸ் போகிற, கடை இருக்கிற, தமிழில் வழி கேட்கக்கூடிய சிறு ஊர்கள் நிறைய இருக்கின்றன. அங்கே போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இடத்தைப் பிழையாகத் தேர்ந்தவர்கள் அல்ல. மாதத்தைப் பிழையாகத் தேர்ந்தவர்கள், அல்லது கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள். ஆகவே இந்த வழிகாட்டி இடங்களின் பட்டியலில் தொடங்காது. கீழே உள்ள வரிசையிலேயே திட்டமிடுங்கள்.

1. முதலில் மாதம், பிறகு ஊர்

மலைநாட்டுக்கு இரண்டு முகம். மேற்குச் சரிவு (ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி) தென்மேற்குப் பருவ மழையை நேரே வாங்கும். மே தொடங்கி செப்டெம்பர் வரை அங்கே மழையும் பனிமூட்டமும்தான். கிழக்குச் சரிவு (பதுளை, பசறை, மடுல்சீமை, லுணுகலை) அதே மாதங்களில் காய்ந்து கிடக்கும். ஒக்டோபருக்குப் பிறகு ஜனவரி வரை கிழக்குப் பக்கத்தின் முறை. ஒக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் இரு பக்கமும் பிற்பகல் இடிமழை.

கணக்கு எளிது. ஜனவரி கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை லீவு கிடைத்தால் ஹட்டன் பக்கம். ஜூன் முதல் செப்டெம்பர் வரை என்றால் பதுளை, பசறை பக்கம். ஹப்புத்தளை இரண்டுக்கும் நடுவே மலை முகட்டில் இருக்கிறது. ஆண்டின் முதல் மூன்று மாதம் அங்கே நல்ல காலம். ஜூன், ஜூலையில் மழை குறைவு, ஆனால் நிற்கவிடாத காற்று.

ஏப்ரல் நடுப்பகுதியைத் தவிருங்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் வசந்த கால விழா நடக்கும். அந்தக் கூட்டம் சுற்றியுள்ள ஊர்களின் அறை வாடகையையும் சேர்த்துத் தூக்கிவிடும். புத்தாண்டு நாட்களில் சிறு ஊர்களில் பஸ் குறைவு, சோத்துக்கடைகள் பூட்டு. டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். ஹட்டன், மஸ்கெலியா பாதை வார இறுதியிலும் போயா தினத்திலும் (பௌர்ணமி விடுமுறை) நிரம்பி வழியும். மலை ஏறுவது உங்கள் நோக்கம் இல்லையென்றால் அந்தப் பக்கம் செவ்வாய் முதல் வியாழன் வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்சரிவு வேடிக்கையான விடயம் அல்ல. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தில் எத்தனையோ குடும்பங்களைப் புதைத்தது, பாதைகளையும் ரயில் தண்டவாளத்தையும் அறுத்தது. புறப்படுவதற்கு முந்தைய நாள் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பைப் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். நீங்கள் போகும் பிரதேச செயலகப் பிரிவுக்குச் செம்மஞ்சள் போட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முற்பணம் போனால் போகட்டும்.

2. ஒரே ஊரில் மூன்று இரவு தங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, நான்கு நாளில் நான்கு ஊர். மலைப்பாதையில் 40 கிலோமீட்டர் என்பது இரண்டு மணி நேரம். பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். ஒரு ஊரில் தங்கி, காலையில் போய் மாலையில் திரும்புங்கள். இரண்டாம் நாள் காலையில் தேநீர்க் கடைக்காரர் உங்களைப் பார்த்து “நேத்து எங்க போனீங்க?” என்று கேட்பார். எந்த அருவியில் இப்போது தண்ணீர் இருக்கிறது, எந்தத் தோட்டத்தில் திருவிழா என்ற செய்தி அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வரும். இணையத்தில் அது கிடைக்காது.

மூன்று தளங்களைச் சொல்லலாம்.

ஹப்புத்தளை: கடல் மட்டத்திலிருந்து 1,431 மீட்டர். ரயில் நிலையமும் பஸ் நிலையமும் சந்தையும் நடை தூரத்தில். இங்கிருந்து தம்பேதென்னை தேயிலைத் தொழிற்சாலை வரை பஸ் போகும். அதற்கு மேலே லிப்டன் இருக்கை என்ற காட்சி முனைக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஏற்றம். நடந்தால் இரண்டு மணி நேரம், ஓட்டோவும் போகும். காலை 9 மணிக்குப் பிறகு மூட்டம் ஏறிவிடும், ஆகவே முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மறுபக்கம் தங்கமலை பறவைகள் சரணாலயத்தை ஒட்டி ஆதிசம் மடாலயம் இருக்கிறது. துறவிகள் செய்யும் கொய்யா ஜெலி, ஸ்ட்ரோபெரி ஜாம் அங்கே விற்பனைக்கு உண்டு. பொதுமக்களுக்குத் திறப்பது வார இறுதியிலும் போயா தினத்திலும் பாடசாலை விடுமுறையிலும்தான். புதன்கிழமை போய் கேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். பெரகலை, கொஸ்லந்தை வழியாகக் கீழே இறங்கினால் 220 மீட்டர் தியலும அருவி.

பொகவந்தலாவை: ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கி, நோர்வூட் வழியாகப் பஸ். சுற்றிலும் தேயிலை மலை, வழியில் காசல்ரீ நீர்த்தேக்கம். ஊரில் விடுதிகள் சொற்பம், முன்கூட்டியே பேசிவையுங்கள். இடம் கிடைக்காவிட்டால் ஹட்டனில் தங்கி பஸ்ஸில் போய்வரலாம்.

பசறை: பதுளையிலிருந்து கிழக்கே. நமுனுகுல மலை (2,036 மீட்டர்) தலைக்கு மேலே நிற்கும். பசறை தாண்டி மடுல்சீமை, அதற்கும் அப்பால் பிட்டமாறுவ என்ற இடத்தில் ‘சின்ன உலக முடிவு’. வேலி எதுவும் இல்லாத செங்குத்துப் பள்ளம் அது. மூட்டம் இறங்கினால் பத்தடி தூரத்தில் இருப்பவர் தெரியமாட்டார். கூடாரம் அடிக்கிறவர்கள் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி அடியுங்கள், இருட்டிய பிறகு விளிம்புப் பக்கம் நடக்கவே வேண்டாம்.

3. ஆவணங்கள்

உள்நாட்டவருக்குத் தேசிய அடையாள அட்டை போதும். அசலைக் கொண்டுபோங்கள், படம் எடுத்த பிரதியை ரயிலிலும் விடுதியிலும் ஏற்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். அடையாள அட்டை இன்னும் எடுக்காத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று பையில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஈ.டி.ஏ. எனப்படும் மின்னணு அனுமதியைப் புறப்படுமுன் எடுங்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் சொந்தத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். தேடினால் முதலில் வருவது பல நேரம் இடைத்தரகர்களின் தளம். பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும், கட்டணம் மட்டும் கூடுதலாக இருக்கும். வனப் பூங்காக்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், பல மடங்கு அதிகம். அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. ரயில் சீட்டு

ஆசனப் பதிவு பயணத்துக்கு 30 நாள் முன்பு திறக்கும். கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைப் பாதையில் முன்பதிவு ஆசனங்கள் வேகமாகத் தீர்ந்துவிடும், அதிலும் வெள்ளி, சனிக்கிழமைக்கு. ஆகவே திகதி முடிவானவுடன் முதல் வேலையாகச் சீட்டு.

பதிவில் கொடுக்கும் அடையாள அட்டை எண்ணோ கடவுச்சீட்டு எண்ணோ, பயணத்தன்று கையில் இருக்கும் ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும். பிறர் பெயரில் எடுத்த சீட்டைப் பல மடங்கு விலை சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கினால் காசும் போகும், பயணமும் போகும். முன்பதிவு கிடைக்காதவர்களுக்கு அன்றைய தினம் நிலையத்தில் விற்கும் முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்புச் சீட்டு இருக்கிறது. விலை மிகக் குறைவு, இடம் உறுதியில்லை. கிழமை நாளில் நாவலப்பிட்டி தாண்டியதும் பெரும்பாலும் உட்கார இடம் கிடைத்துவிடும்.

மூன்று பொறிகள். ஒன்று, எல்லா ரயிலும் கண்டி நகருக்குள் போவதில்லை. சில பேராதனைச் சந்தியிலேயே திரும்பி மலையேறும். கண்டியில் ஏற நினைப்பவர்கள் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, இதல்கஸ்ஹின்ன, ஓஹிய போன்ற சிறு நிலையங்களில் எல்லா ரயிலும் நிற்காது. மூன்று, தண்டவாளத்தில் நடப்பது. படம் எடுக்க அழகான இடம் என்று ஆயிரம் பேர் நடக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம், குடைவுப் பாதைக்குள் ரயில் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. புயல் சேதத்துக்குப் பிறகு ரயில் பதுளை வரை ஓடுகிறதா, இடையில் நிற்கிறதா என்று பதிவு செய்யும் நாளிலேயே விசாரியுங்கள். ஓடாவிட்டால் கொழும்பிலிருந்து பதுளைக்கு 99ஆம் இலக்க பஸ், ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் போகும்.

5. பஸ்: போவதை அல்ல, திரும்புவதைக் கேளுங்கள்

தோட்டப் பாதை பஸ்கள் பாடசாலை, வேலை நேரத்தை ஒட்டி ஓடும். காலையில் அடுத்தடுத்து இருக்கும், நடுப்பகலில் இரண்டு மணி நேரம் ஒன்றும் வராது. மாலை நான்கு, ஐந்து மணியோடு சில பாதைகளில் கடைசி பஸ் முடிந்துவிடும். ஏறியவுடன் நடத்துநரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: “அண்ணே, திரும்பி வர கடைசி பஸ் எத்தனை மணிக்கு?” சிங்களம் மட்டும் பேசுகிறவர் என்றால் “அந்திம பஸ் எக கீயட்டத?” என்று கேளுங்கள். கிடைத்த பதிலைக் கடைக்காரரிடமும் ஒருமுறை சரிபாருங்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போனால் கடைசிக்கு முந்தைய பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டமிடுங்கள். மழை பெய்தால் கடைசி பஸ் வராமலே போகும் நாளும் உண்டு. ஞாயிறும் போயா தினமும் ஓட்டம் குறைவு.

சில்லறையாக 20, 50, 100 ரூபாய்த் தாள் வைத்திருங்கள். ஓட்டோவில் ஏறுமுன் விலை பேசுங்கள், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து. மலைப்பாதை ஓட்டோவுக்கு மீற்றர் பார்த்துப் பயனில்லை.

6. சாப்பாடு: நேரம் தெரிந்தால்தான் கிடைக்கும்

மலையகச் சாப்பாட்டைத் தேடி உணவகத்துக்குப் போகாதீர்கள். அது காலை ஆறு மணிக்கு, பஸ் நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில், விறகடுப்பின் மேல் இருக்கிறது. தேங்காய் ரொட்டியைச் சொல்கிறேன்: கோதுமை மாவு, துருவிய தேங்காய், உப்பு. சில கடைகளில் நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் சேரும். தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருண்டையை உள்ளங்கையால் தட்டி, கனத்த இரும்புத் தட்டில் போடுவார்கள். எண்ணெய் கிடையாது. ஓரம் கருகி, நடுவில் தேங்காய் வெந்த வாசம் வரும்போது எடுத்து விளிம்பில் நிறுத்திவைப்பார்கள். சூட்டோடு கிள்ளி, கட்டச் சம்பலில் தொட வேண்டும். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப் புளி, இடித்தது. இடித்ததா அரைத்ததா என்பது நாக்குக்கு உடனே தெரியும். எட்டு மணிக்குப் போனால் அதே ரொட்டி கண்ணாடிப் பெட்டிக்குள் தோல் மாதிரி கிடக்கும். அதைத் தின்றுவிட்டு மலைநாட்டு ரொட்டி நன்றாக இல்லை என்று சொல்லக்கூடாது.

கூடவே சாயத்தண்ணி, அதாவது பால் இல்லாத பிளேன்டீ. சீனியைக் கலக்காமல், கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியை வைத்துக் கடித்துக் கடித்துக் குடிப்பது பழைய வழக்கம். கேட்டால் தருவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது மாசி, அதாவது மாசிக் கருவாடு. சம்பலிலும் பருப்பிலும் சில மரக்கறிகளிலும் மாசித்தூள் விழும். “சைவமா?” என்று கேட்டால் மீன் துண்டு இல்லை என்ற பொருளில் ஆமாம் என்பார்கள். “மாசி போட்டீங்களா?” என்று கேளுங்கள். சைவக் கடை என்று பலகை போட்ட இடங்களில் இந்தப் பயம் இல்லை.

இன்னொன்று, தட்டு. உட்கார்ந்ததும் வடை, ரோல்ஸ், பட்டிஸ் என்று பத்துப் பன்னிரண்டு அடுக்கிய தட்டைக் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள். பயப்பட வேண்டாம். எடுத்ததற்கு மட்டும்தான் காசு. ஆனால் கையால் தொட்டுப் பார்த்து வைக்காதீர்கள், மீதி அடுத்த மேசைக்குப் போகும்.

மத்தியானச் சோறு 12 மணிக்குத் தயாராகும், 2 மணிக்கு மரக்கறி தீர்ந்துவிடும். வெலிமடை, நுவரெலியாப் பக்கத்து லீக்ஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு அன்று காலை பறித்ததாக இருக்கும். கேட்டு இன்னொரு கரண்டி போடச் சொல்லலாம், வழக்கமாக அதற்குத் தனிக்காசு இல்லை. மாலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கிடைத்தால் விடாதீர்கள். இரவு ஏழரைக்கு மேல் சிறு ஊர்களில் கடை இருக்காது. நடைப் பயணம் போகும் நாளில் காலையிலேயே ரொட்டி நான்கு கட்டித் தரச் சொல்லுங்கள்.

7. தோட்டத்துக்குள் நுழையுமுன்

தேயிலை மலை பூங்கா அல்ல. பாதையும் காணியும் தோட்டத்துக்குரியவை, லயம், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு, ஒருவருடைய வீட்டு வாசல். பொதுப் பாதையை விட்டு விலகுவதென்றால் தோட்டக் காரியாலயத்திலோ காவலாளியிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். மருந்து அடித்த மலைக்குள் போகாதீர்கள் என்ற தகவலும் அங்கேதான் கிடைக்கும்.

கொழுந்து பறிக்கும் அக்காமாரைப் படம் எடுக்க நிறுத்தி வைப்பதில் ஒரு கொடுமை இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அன்றைக்கு முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) விழாது, அரைப்பேர்தான். நீங்கள் நிறுத்தும் பத்து நிமிடம் அவர் கூடையிலிருந்து போகிறது. பேச விரும்பினால் கொழுந்து நிறுக்கும் இடத்திலோ தேநீர் நேரத்திலோ பேசுங்கள். வணக்கம் சொல்லி, கேட்டு, பிறகு படம். பிள்ளைகளுக்கு இனிப்பும் காசும் வீசாதீர்கள். கொடுக்க மனமிருந்தால் கொப்பி, பேனையைத் தோட்டப் பாடசாலை அதிபரிடம் கொடுங்கள்.

தொழிற்சாலையை, அதாவது அங்குள்ளவர்கள் ஸ்டோர் என்று சொல்வதை, பார்க்கச் செவ்வாய் முதல் சனி வரை காலையில் போங்கள். பறித்த கொழுந்து முதலில் வாட்டும் தட்டில் இரவு முழுக்கக் கிடக்கும், அரைப்பதும் புளிக்க வைப்பதும் சூட்டில் காய வைப்பதும் விடியப்புறத்தில் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகக் கொழுந்து எடுப்பதில்லை. அதனால் திங்கள் காலை இயந்திரங்கள் பெரும்பாலும் சும்மா நிற்கும். தேயிலை வாங்கும்போது வகையைக் கேட்டு வாங்குங்கள். பால் தேநீருக்கு டஸ்ட் அல்லது பி.ஓ.பி.எஃப்., வெறும் சாயத்தண்ணிக்கு பி.ஓ.பி.

8. காமன் கூத்து பார்க்க

காமன் கூத்து, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் கூத்து. மாசி மாதத்தில், அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையளவில், தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் காமன் தகனம். இடைப்பட்ட நாட்களில் ஆட்டம் நடக்கும், கடைசி இரவு விடியும் வரை. திகதி தோட்டத்துக்குத் தோட்டம் ஓரிரு நாள் மாறும், அச்சிட்ட அட்டவணை எங்கும் இல்லை. பஞ்சாங்கத்தில் மாசி அமாவாசையைக் குறித்து, கோயில் பூசாரியிடமோ தேநீர்க் கடையிலோ ஒரு கிழமை முன்பு கேளுங்கள்.

பத்து மணிக்கு முன் போய்விடுங்கள். தப்புக்காரர்கள் வைக்கோல் நெருப்பில் தப்பை, அதாவது தோல் பறையை, காய்ச்சுவதை அப்போதுதான் பார்க்கலாம். தோலை நெருப்புக்குக் காட்டுவார்கள், விரலால் ஒரு சுண்டு, காதைக் கொடுத்துக் கேட்பார்கள், மறுபடி நெருப்பு. குளிரில் தளர்ந்த தோல் இறுகி ஓசை ஏறும் வரை இது நடக்கும், இரவில் பல முறை நடக்கும். காமன் பொட்டலுக்குள் செருப்போடு போகாதீர்கள். ஆட்டக்காரர் முகத்தில் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள், அவர் விரதத்தில் இருக்கிறார். திரும்பி வர பஸ் கிடையாது. ஓட்டோவை முன்பே பேசி, ஓட்டுநரின் கைபேசி எண்ணையும் வாங்கிவையுங்கள்.

அதே மாதம் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தேர். ஐந்து தேர் வரும். அங்கே கூட்டத்தைத் தவிர வேறு சிக்கல் இல்லை.

9. நடையும் அட்டையும் அருவியும்

மழைக்குப் பிறகு அட்டை நிச்சயம். நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் சொருகி, வெளிப்புறம் சவர்க்காரத்தை ஈரமாக்கித் தேயுங்கள். கடித்ததைப் பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளுங்கள். உப்பைச் சிறு துணியில் முடிந்து வைத்துக்கொண்டால் வழியில் ஏறுபவற்றைத் தட்டிவிடலாம்.

அருவியில் குளிக்குமுன் மேல்மலையைப் பாருங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் இருந்தாலும் மேலே மழை பெய்தால் வெள்ளம் வரும். தெளிந்த தண்ணீர் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் உடுப்பைத் தேடாமல் கரையேறுங்கள். பாறையில் பச்சைப் பாசி உள்ள இடத்தில் காலே வைக்க வேண்டாம்.

10. எவ்வளவு காசு வைத்திருப்பது

இருவர், மூன்று இரவு, நான்கு நாள். இது குறைந்தபட்ச விலைப் பட்டியல் அல்ல, கையில் ஒதுக்க வேண்டிய தொகை. சாதாரண அறைக்கு இரவுக்கு 6,000 ரூபாய் வீதம் 18,000. சாப்பாட்டுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,500 வீதம் 12,000. ரயில், பஸ் 5,000. ஓட்டோ 10,000. நுழைவுக் கட்டணம், தேயிலை, ஜாம் வாங்க 5,000. மழையால் ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் 10,000. மொத்தம் 60,000. அந்தக் கடைசிப் பத்தாயிரத்தை வெட்டாதீர்கள், மலைநாட்டில் அது பெரும்பாலும் தேவைப்படும்.

ஏ.டி.எம். ஹட்டன், ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளையில் உண்டு. தோட்டக் கடைகளில் அட்டை செல்லாது, ஆகவே நகரத்திலேயே எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். அறை பேசும்போது சுடுதண்ணீர் இருக்கிறதா, கம்பளி எத்தனை என்று கேளுங்கள். ஜனவரி, பெப்ரவரி இரவில் நுவரெலியாவில் 10 பாகைக்குக் கீழே இறங்கும்.

அவசர எண்களைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள், மலையிடுக்கில் கைபேசியின் மின்கலம் சமிக்ஞை தேடியே தீர்ந்துவிடும். பொலிஸ் 119. இலவச அம்புலன்ஸ் 1990. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.